போலி வாளும் பொய்க் கதையும்

ஜப்பானிய வாள்களைத் தேடிச் சேர்க்கப் புகும் நம் இளைஞர்க்கு முதற்கண் கூறத்தக்கது ஒன்றுண்டு. விற்பவன் வாளை மட்டும் விற்பதில்லை. அதனோடு ஒரு கதையையும் சேர்த்தே விற்கின்றான். இது தளபதி தரித்த வாள் என்பான். சாமுராய்ப் பரம்பரையின் ஐந்நூறாண்டுச் சொத்து என்பான். கேட்பவன் தோட்டத்துப் பிள்ளையெனத் தெரிந்தால், இன்ன தோட்டத்தில் இத்தனை தலைகளைக் கொய்தது என்றும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவான். விலையிற் பெரும்பங்கு இக்கதைக்கே. இரும்புக்குக் காசு கொடுக்கலாம். கதைக்கு ஏன் கொடுத்தல் வேண்டும்?

பாரிட் புந்தார் போன்ற ஊர்களில் இக்கதை எளிதில் நம்பப்படுதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1941 டிசம்பரில் ஜித்ராவில் உடைந்த பிரிட்டிஷ் படை கிரியான் ஆற்றங்கரையில் நின்று தடுக்கலாமென எண்ணியதும் நிலைக்கவில்லை. அம்மாதம் முடியுமுன் ஈப்போவும் ஜப்பானியர் கைப்பட்டது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் பேராக்கின் ரப்பர்த் தோட்டத் தமிழர் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. 1944இல் அமைந்த ஜப்பானியரின் 29ஆம் இராணுவத்தின் தலைமையிடம், கிரியானுக்கு அணித்தாகவுள்ள தைப்பிங்கிலேயே இருந்தது. ஆகவே வாளணிந்த அதிகாரிகள் இப்பக்கத்தில் நடமாடினர் என்பது உண்மை. அவ்வாள்கள் பின்னர் என்னவாயின என்பதே கேள்வி.

1945 செப்டம்பர் 12இல் சிங்கப்பூரில் இதாகாகி சரணடைந்தார். மறுநாள் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில், 29ஆம் இராணுவத்தின் தலைவர் இஷிகுரோ சரணடைந்தார். தோற்ற அதிகாரிகள் தம் வாளைத் தம் கையாலேயே ஒப்புவித்தல் வேண்டுமென்று மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக நின்றார். அது வேண்டாத பழஞ்சடங்கு என்ற மக்ஆர்தரின் கருத்தை அவர் ஏற்கவில்லை. அங்ஙனம் பெற்ற வாள்களுட் பல, வென்ற படையினரின் நினைவுப்பொருளாகக் கடல் கடந்து போயின. ஆதலின் தளபதியின் வாள் கிரியான் வட்டத்துப் பரணில் எண்பது ஆண்டுகள் உறங்கிற்று என்பவனிடம், எவ்வழியாக அங்கு வந்தது என்று கேட்டல் குற்றமன்று.

இனி, போர்க்கால வாள்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. 1935இல் ஏற்கப்பட்ட கீழ்நிலை அதிகாரிகளின் வாள், இயந்திரத்தால் ஆக்கப்பட்டது, சர்க்கார் வழங்கியது. அதன் பிடி முதலிற் செம்பாலும் பின்னர் அலுமினியத்தாலும் வார்க்கப்பட்டு, நாடா சுற்றியதுபோல் வண்ணம் பூசப்பட்டது. அலகின்மேல் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். உறையிலும் அவ்வெண்ணே இருத்தல் இயல்பு. மேலதிகாரிகளோ தம் வாளைத் தாமே வாங்கிக்கொண்டனர். அவற்றுட் பெரும்பாலானவை ஸேகி முதலிய இடங்களில் திரள் திரளாகச் செய்யப்பட்டவை. ஆயினும் சிலர் தம் வீட்டுப் பழைய அலகுக்கே 1934ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இராணுவப் பிடியும் உறையும் பூட்டிக்கொண்டனர். படையாளின் உறைக்குள் பழங்கொல்லனின் அருஞ்செயல் இருக்கலாம் என்னும் ஆசை இங்கேதான் பிறக்கின்றது. வஞ்சகனுக்கு அவ்வாசையே முதல்.

ஆசைக்கு மருந்து, பிடியைக் கழற்றிப் பார்ப்பது. அதிகாரியின் வாளில் பிடியையும் அலகையும் இணைப்பது மூங்கில் ஆணி. அதனை மெல்லத் தட்டி எடுத்தால், பிடிக்குள் மறைந்திருந்த வால் வெளிப்படும். நூற்றாண்டு கண்ட வாலின் துரு கருமை கலந்த பழுப்பாய், இரும்போடு ஒன்றியிருக்கும். காடி தடவி வருவித்த துருவோ செம்மஞ்சளாய்ப் பொடி பொடியாக உதிரும். கொல்லன் பெயர் வெட்டப்பட்டிருந்தால், உளியின் பள்ளத்திலும் அதே துரு படிந்திருத்தல் வேண்டும். வால் கருத்துப் பெயர் மட்டும் பளிச்சிட்டால் அப்பெயர் நேற்று வந்தது. போர்க்காலத்து வாலிற் பலவற்றில் சிறு முத்திரை காணப்படும். அதனைத் தேய்த்து அழித்துவிட்டுப் பழம்பெயர் வெட்டுவோருமுண்டு. தேய்த்த வடுவை வெயிலிற் சாய்த்துப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ப்போர் துருவைத் துடைத்து மினுக்கிவிடுகின்றனர். அது பெருங்கேடு, அத்துருவே வாளின் சாட்சி.

அலகின் விளிம்போரம் ஓடும் வெண்மையான அலைக்கோட்டையும் ஆராய வேண்டும். களிமண் பூசி, உலையிற் பழுக்கக் காய்ச்சி, நீரிற் தோய்த்த இரும்பில் அக்கோடு தானே விளைவது. பூதக்கண்ணாடியில் நோக்கினால் எல்லையில் மணிமணியாக ஒளித்துகள் தெரியும். அமிலத்தால் வரைந்த கோட்டில் துகளேதும் இராது, மங்கல் நிறம் மட்டுமே இருக்கும். இன்று சந்தையிற் குவிந்துள்ள படைவாட் போலிகளோ இத்தனைக் கஷ்டமும் தருவதில்லை. திருக்கைமீன் தோல் இருக்கவேண்டிய பிடியில் அவற்றில் பிளாஸ்டிக் தகடுதான் இருக்கும்.

இப்புரட்டு நம் நாளிற் பிறந்ததன்று. ஜப்பானிலேயே, 17ஆம் நூற்றாண்டுக் கொல்லன் கொதெட்ஸுவின் பெயர் தாங்கிய வாள்களுட் போலியே மிகுதி என்பது சேர்ப்போர் யாவரும் அறிந்த செய்தி. பிரபுக்கள் ஒருவர்க்கொருவர் வாளைப் பரிசாக அளித்த காலத்தில் பெயர்க்கே மதிப்பு இருந்தது. பெயர் வேண்டியோர்க்குப் பெயர் வெட்டித் தரப்பட்டது. மதிப்பீட்டுக்கென்றே ஹொனாமி என்றொரு குடும்பம் தோன்றிச் சான்றோலை வழங்கிற்று. சான்றோலைக்கும் போலி வந்தது. 1948இல் டோக்கியோவில் நிறுவப்பட்ட கலைவாட் பாதுகாப்புச் சங்கமும் தன் பழைய சான்று முறையை 1982இல் மாற்ற நேர்ந்தது. குலப்பெருமை பேசும் நம் வீடுகளிலும் வேண்டும்போது செப்புப் பட்டயம் கிளம்புவதைக் கண்டவர்க்கு இதில் வியப்பில்லை.

தலை கொய்த கதைக்கு வருவோம். இரும்பில் அதற்கு அடையாளம் ஒன்றும் இராது. சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழருட் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. பெயரற்றுப் போன அவர்களின் மரணத்தை, பெயரற்ற வாளொன்றின் விலையை ஏற்றும் சரக்காக ஆக்குவது எவ்வகை வாணிகம்? ஆண்டு, இடம், இறந்தவர் பெயர், கண்டவர் வாய்மொழி இவற்றுள் ஒன்றும் காட்டாதவன் கூறுவது சரித்திரமன்று. உண்மையான முதியவர் ஒருவர் உண்மையாக ஒன்று சொல்வாரானால், வாளை விட்டுவிட்டு அவர் சொல்லை எழுதிக்கொள்வதே ஊதியம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமின்றி இத்தகைய படைக்கலத்தைப் பொதுவிடத்திற் கொண்டுசெல்வது குற்றம். ஜப்பானிலோ கையால் அடித்த வாளே கலைப்பொருளாகப் பதிவாகும். இயந்திர வாளுக்குப் பதிவு கிட்டாது. ஆதலின் வாங்குமுன் போலீஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்க. பேரம் பேசுமுன் வாலைக் கழற்றிக் காட்டச் சொல்லுக. ஆணி இறுகிவிட்டது என்றோ, கழற்றினால் வாளின் தெய்வம் கோபிக்கும் என்றோ சொல்லுபவனிடம் பணப்பையைத் திறக்கவே வேண்டா.