காடேகினோர் வரலாறு: துப்பாக்கியும் குறிப்பேடும்

செம்மண்ணும் வாழைத் தோட்டமும் கிணற்று நீருமே நீர்வேலியிற் பிறந்தோர் இளமையிற் கண்ட உலகம். காடு என்பது எமக்குத் தெற்கே, ஆனையிறவைக் கடந்த பின்னரே தொடங்குவது. அவ்விடத்தின் பெயரே ஒரு வரலாற்றுச் சான்றாகும். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழங்குறைந்த அந்நீரேரி வழியாகவே குடாநாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. போர்த்துக்கேயர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் அவை வணிகர்க்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றப்பட்டன. காட்டுட் செல்லுதல் என்பது விலங்கைப் பிடித்தற்கோ கொல்லுதற்கோ ஆகிய தொழிலாகவே நெடுங்காலம் இருந்தது. விலங்கைக் கண்டு மீள்வதற்காகவே காடேகும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பொழுதுபோக்காயிற்று. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைக் கொன்றவர் எனப்படுவர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூல் துப்பாக்கியையும் வேட்டை நாயையும் தன் பெயரிலேயே தாங்கி நின்றது. அரசினரும் யானைக்குத் தலைவிலை வைத்தனர். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டமைக்குப் பரிசு வழங்கப்பட்டதென எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். பயிரை அழிக்கும் பகை என்பதே அன்று கூறப்பட்ட நியாயம்.

இம்மனப்பான்மை இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. அது வளர்ந்ததையும் மாறியதையும் ஒருங்கே காட்டவல்லது நடு ஆபிரிக்க மலைக் கொரில்லாவின் வரலாறு. 1902ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பெரிங்க என்னும் ஜேர்மன் படையதிகாரி சபின்யோ எரிமலையில் ஏறியபோது இரண்டு பெருங்குரங்குகளைச் சுட்டார். அவற்றுள் ஒன்றின் உடல் பேர்லினுக்குச் சென்றது. மறு ஆண்டு அவ்வினத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது. அறிவுலகு மலைக் கொரில்லாவை அறிந்தது பிணத்தின் வாயிலாகவேயாம்.

1921இல் கார்ல் ஏக்லி என்பார் நியூயோர்க் அரும்பொருட்சாலைக்காக அம்மலைகளுக்குச் சென்றார். அவருடைய குழுவினர் ஐந்து கொரில்லாக்களைக் கொன்றனர். ஆயினும் அவற்றை அணுகிக் கண்ட ஏக்லியின் உள்ளம் மாறியது. அவற்றுக்கு ஒரு காப்பிடம் வேண்டுமென அவர் பெல்ஜிய அரசரை வேண்டினார். அம்முயற்சியின் பயனாக 1925இல் அல்பேட் தேசிய பூங்கா நிறுவப்பட்டது. மறு ஆண்டு மீண்டும் அங்குச் சென்ற ஏக்லி மிக்கேனோ மலைச்சாரலில் நோயுற்று இறந்து, கபாரா என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1959இல் ஜோர்ஜ் சாலர் என்னும் இளைஞர் அதே கபாராவிற் குடியிருந்து கொரில்லாக்களைப் பின்தொடர்ந்தார். அவர் மறைந்திருந்து பார்க்கவில்லை. ஒரே வகையான மங்கிய நிற உடை அணிந்து, தனியராய், மெதுவாக நடந்து, தம்மை அவை காணுமாறு நின்றார். நாளடைவில் அவை அவரைப் பொருட்படுத்தாது இலை தின்னத் தொடங்கின. கொடிய அரக்கன் என்று பழைய வேட்டைக்காரர் வருணித்த விலங்கு அமைதியான குடும்ப வாழ்வினது என்பது தெளிவாயிற்று. காண்பதற்கு முதற்றகுதி துணிவன்று, பொறுமையே என்பது இதனாற் பெறப்படும். 1967இல் டயன் பொஸி அப்பணியைத் தொடர்ந்தார். 1985இல் அவர் தம் குடிலிலேயே கொலையுண்டார்.

ஆராய்ச்சி மாத்திரம் அவ்வினத்தைக் காக்கவில்லை. 1981ஆம் ஆண்டளவில் விருங்கா மலைகளில் ஏறக்குறைய 250 கொரில்லாக்களே எஞ்சின. 1979இல் ருவாண்டாவில் ஒரு புதுமுறை தொடங்கியது. மனிதரைக் கண்டு அஞ்சாது பழக்கப்பட்ட கூட்டங்களைப் பயணிகள் வழிகாட்டியுடன் நடந்து சென்று காணலாம். ஒரு கூட்டத்திற்கு நாளொன்றுக்கு எண்மர், ஒரு மணி நேரம், குறித்த தொலைவு. மனிதரின் தடிமன் நோயும் அவற்றைக் கொல்லவல்லது. ஆதலால் நோயுற்றோர்க்கு அனுமதி இல்லை. சேற்றிலும் காஞ்சொறியிலும் மணிக்கணக்காக நடந்தே அந்த ஒரு மணி நேரத்தைப் பெறுதல் வேண்டும். 2017இல் ருவாண்டா அனுமதிக் கட்டணத்தை 1,500 டொலராக உயர்த்தியது. காட்டோரக் குடிகளுக்கு 2005 முதல் வழங்கப்பட்ட நூற்றுக்கு ஐந்து பங்கு வருமானமும் அவ்வாண்டிற் பத்தாக்கப்பட்டது. 2019இல் வெளியான கணக்கின்படி மலைக் கொரில்லாக்களின் தொகை 1,063 ஆகும்.

நம் நாட்டிலும் இம்மாற்றம் நிகழாமலில்லை. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. பொலநறுவைச் சிதைவுகளிடையே வாழும் செங்குரங்குகளை 1968 முதல் வொல்ப்காங் டிற்றஸ் என்னும் அறிஞர் தனித்தனியே அடையாளங் கண்டு, தலைமுறை தலைமுறையாகக் குறித்து வந்தார். உலகில் இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத அக்குரங்கினத்தையே தென்னையும் தோட்டமும் இழந்த உழவன் இன்று பகையென்கிறான். 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், பயிரழிக்கும் குரங்கு முதலியவற்றை ஐந்து நிமிடத்தில் எண்ணும் கணக்கெடுப்பு நாடெங்கும் நடைபெற்றது. 1848இல் யானைக்குக் கூறப்பட்ட நியாயம் மீண்டும் நம் செவியில் விழுகின்றது.

உழவன் கூற்றைப் பொய்யென ஒதுக்குதல் அறமன்று. காண்போன் மகிழக் காட்டோரம் வாழ்வோன் நட்டமடைதல் நீதியுமாகாது. ருவாண்டா மலைச்சாரலில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற பின்னரே அம்முறை நிலைபெற்றது. பொலநறுவைக்கும் வன்னிக்கும் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர், குரங்கிற்கு வாழைப்பழம் எறிந்து மகிழ்வதை விடுத்து, ஒரு குறிப்பேட்டுடன் நின்று நோக்கிப் பழகுவாராக. அதனோடு அயலில் உள்ள உழவனையும் அணுகி, அவன் இழந்தது யாதெனக் கேட்டெழுதுவாராக. அவ்விரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்படும்போதே நம் நாட்டுக் காட்டு வரலாறு நிறைவுபெறும்.