செவிலியர் சங்கம் வளர்ந்த வரலாறு

பிணியாளரைப் பேணுதல் அன்பின்பாற்பட்ட தொண்டு என்பர். அன்பு மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை நம் நாட்டுக்கு எடுத்துரைத்தது செவிலியர் சங்கம்.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. ஆயினும், பயின்றவரையும் பயிலாதவரையும் வேறுபடுத்திக் காட்டும் சட்டம் நெடுங்காலம் இல்லை. தனித்து நின்று இக்குறையைத் தீர்த்தல் அரிது. ஆகவே, செவிலியர் கண்காணிப்பாளர் சிலர் 1905-இல் லக்னோவில் கூடிச் சங்கம் கண்டனர். பயிற்சி பெற்ற செவிலியர்க்கான சங்கம் 1908-இல் எழுந்தது. 1910-இல் இதழும் வெளிவந்தது. 1912-இல் அனைத்துலகச் செவிலியர் மன்றத்தில் இடம் கிடைத்தது. 1922-இல் இரு சங்கங்களும் ஒன்றாயின.

1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. பயின்றவர் பெயரைப் பதிய வழி பிறந்தது. நாடெங்கும் பயிற்சியின் தரத்தை ஒன்றாக்க 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது.

பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால், நள்ளிரவில் மருந்தை அளந்து தரும் கை கற்ற கையே என்று நோயாளிக்கு உறுதி கூறுவது அப்பதிவேயாகும்.