சாப்பிட்ட பின் ஏறும் சீனி: எது இயல்பு, எப்போது பரிசோதிக்க வேண்டும்?

கனடாவிலிருந்து வரும் பொதிகளில் சொக்லேற்றோடும் உடுப்புகளோடும் இப்போது குளுக்கோமீற்றரும் வருகிறது. அம்மாவின் சலரோகத்துக்கென்று அனுப்பப்படுவது. முதல் நாள் அம்மாவுக்குப் பார்ப்பார்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லோருடைய விரலிலும் ஒருமுறை குத்திப் பார்ப்பார்கள். மத்தியானச் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் மகளுக்கு 8.4 என்று காட்டும். அன்றோடு அந்த வீட்டில் ஒருவருக்கு நிம்மதி போய்விடும்.

இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. சீனி வருத்தத்தால் விரலையோ பாதத்தையோ இழந்த ஒருவரையேனும் அறியாத குடும்பம் எங்களிடையே குறைவு. ஷெல் வீச்சில் ஒரு காலைப் பறிகொடுத்தவருக்கு மற்றக் காலைப் பற்றிய பயம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் அலகு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் விற்கப்படும் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். இங்கே எங்கள் ஆய்வுகூட அறிக்கைகள் பெரும்பாலும் ஒரு டெசிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் வரும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு கிடைக்கும். 8.4 என்பது ஏறத்தாழ 151. இன்னொரு குழப்பமும் உண்டு. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 6.5 சதவீதம் என்பது நீரிழிவின் எல்லை. கருவியில் 6.5 கண்டதும் இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பதறுபவர்கள் உண்டு. கருவியின் 6.5 வெறும் 117தான். சாப்பிட்ட பின் அது முற்றிலும் இயல்பான அளவு.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் இரத்தம் முழுவதிலும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோசு ஒரு தேக்கரண்டி அளவுதான். ஒரு கோப்பைச் சோற்றில் அதைப்போலப் பல மடங்கு மாச்சத்து இருக்கிறது. அது சமித்து இரத்தத்தில் கலக்கும்போது அளவு ஏறத்தான் வேண்டும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஈரலும் தசைகளும் குளுக்கோசை உள்ளே எடுத்துச் சேமிக்கும். நலமாக உள்ள ஒருவருக்குச் சாப்பிட்டு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் அளவு உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பழைய இடத்துக்குத் திரும்பும். உச்சம் பெரும்பாலும் 140க்குள் நிற்கும். இடையிடையே 150, 160ஐத் தொட்டு இறங்குவது நீரிழிவு இல்லாதவர்களிலும் காணப்படுகிறது. ஆகவே பார்க்கவேண்டியது ஏறியதா என்றல்ல, இறங்கியதா என்று.

விரல் நுனி இரத்தத்தில் இன்னொரு சிக்கல். சாப்பிட்ட பின் அங்கே குளுக்கோசு நாளத்தில் எடுக்கும் இரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நல்ல கருவிக்கே 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. அதாவது உண்மையில் 135 ஆக இருப்பது 152 என்றும் தெரியலாம். மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். காலாவதியான, ஈரக்காற்றுப் பட்ட பட்டிகளும் பொய் சொல்லும். வீட்டுக் கருவி சலரோகக்காரர் தன் அளவைக் கண்காணிப்பதற்கானது. நோய் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

தீர்ப்புச் சொல்பவை ஆய்வுகூடப் பரிசோதனைகள். எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து எடுக்கும் இரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் பார்க்கும்போது 200 அல்லது மேல் என்றாலும் அப்படியே. அதே பரிசோதனையில் 140 முதல் 199 வரை என்றால் நோயின் வாசற்படி. திரும்பிப்போக இன்னும் வழியுண்டு. தாகம், எடை குறைதல் போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரு பெறுபேற்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, மீண்டும் பார்ப்பார்கள்.

பயத்தில் சோற்றையும் பாணையும் அடியோடு நிறுத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாச்சத்தைப் பல நாட்கள் தவிர்த்த உடலுக்குத் திடீரென்று குளுக்கோசைக் கொடுத்தால் அளவு வழமையைவிடக் கூடுதலாக ஏறும். எனவே இந்தப் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாட்களும் வழமைபோலச் சாப்பிட வேண்டும். இரத்தச்சோகை உள்ளவர்களில் எச்பிஏ1சியும் பிழையாகக் காட்டக்கூடும். உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. பயமும் துயரமும் சுரக்கவைக்கும் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் ஈரலிலிருந்து குளுக்கோசை வெளியே விடும். நித்திரையில்லாத இரவுகளும் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். நீண்டகால மனவடு உள்ளவர்களில் நீரிழிவு கூடுதலாக ஏற்படுவது போர்க்களம் கண்ட படைவீரர்களிடையே நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றிலிருந்த பிள்ளைகளுக்கு ஐம்பது வயதளவில் குளுக்கோசுப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு மணித்தியால அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. வன்னியில் பட்டினியோடு பிள்ளை சுமந்த தாய்மாரும் அந்தப் பிள்ளைகளும் இதைப் பயமுறுத்தலாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாமலிருக்க இது ஒரு காரணம்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, சீனி இறங்கிவிட்டது என்று இனிப்பை அள்ளிப் போடுபவர்களும் உண்டு. உண்மையாகவே இறங்கியிருக்கலாம். ஆனால் பதற்றமும் இதே அறிகுறிகளைத்தான் தரும். இரண்டிலும் வேலை செய்வது அட்ரினலின்தான். அறிகுறி இருக்கும் அந்த நேரத்திலேயே அளவு 55க்குக் கீழே இருந்து, இனிப்புச் சாப்பிட்டதும் சுகமானால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அளவு 90 ஆக இருந்தும் கை நடுங்கினால் தேடவேண்டிய காரணம் வேறு. அதையும் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லலாம்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி தேவையில்லை. குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணம் எங்களிடம் உறுதியாக இருக்கிறது. குரக்கனும் மாச்சத்துத்தான், அளவு முக்கியம். கீரை, பருப்பு, மீனை முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு எடுத்தால் ஏற்றம் மெதுவாகும். சீனி போட்ட தேநீர் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். பல வீடுகளில் உண்மையான குற்றவாளி சோறு அல்ல, அதுதான். சாப்பிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும்.

கால் இழந்தவர்களுக்கு இந்த நடை ஆலோசனை எரிச்சலூட்டும் என்பது தெரியும். ஆனால் போரில் கால் இழந்தவர்களில் இன்சுலின் எதிர்ப்புக் கூடுதலாக இருப்பது வேறு நாடுகளில் கண்டறியப்பட்டிருப்பதால், அசைவு அவர்களுக்கே அதிகம் தேவை. கதிரையில் இருந்தபடி தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்குவதும், கையால் மிதிக்கும் சைக்கிளில் ஒரு சுற்றுப் போவதும் தசைகளுக்கு வேலைதான்.

இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், தீராத தாகம், காரணமின்றி எடை குறைதல், ஆறாத புண் என்பவை இருந்தால் நாட்களைக் கடத்த வேண்டாம். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சீனி ஏறியிருந்தாலோ, ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டியிருந்தாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதியுங்கள். அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இதை இலவசமாகச் செய்யலாம். முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தி, காலையில் தேநீரும் குடிக்காமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.