அம்பு தாங்கி வந்த நாரை

ஜேர்மனி நாட்டுக் கிராமங்களில் வீட்டுக் கூரைமேற் கூடு கட்டி வாழும் செங்கால் நாரை, ஆவணி பிறந்ததும் மறைந்துவிடும், பங்குனியில் மீளும். இடையில் அது எங்கே உறைந்தது? ஐரோப்பியரை ஈராயிரம் ஆண்டு மயக்கிய வினா இது. வேறு சில பறவைகள் நெடுந்தூரம் செல்வதை அறிந்திருந்த அரிஸ்டோட்டிலும், நாரை எங்கேனும் ஒளிந்து கிடக்கும் என்றே எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் சார்ள்ஸ் மோர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், அது சந்திர மண்டலத்துக்கே போகிறது என்றார்! நகைப்புக்கு இடமாயினும், நாரை ஒளியவில்லை, பயணம் செய்கிறது என்ற அளவில் அவர் உண்மையை அணுகிவிட்டார் எனலாம். நாரையைத் தூதுவிட்ட நம் சத்திமுற்றப் புலவரோ, அது குமரித்துறைக்கும் வடதிசைக்கும் சென்று மீள்வதைப் பாடியே வைத்தார்.

ஐரோப்பாவில் ஐயம் அகற்றிய சான்று 1822ஆம் ஆண்டு மே மாதத்திற் கிடைத்தது. மெக்கிலன்பேர்க் பகுதியில், குளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளமான அம்பொன்று நின்றது. அது மத்திய ஆபிரிக்காவின் அம்பு என ஆராய்ந்தோர் கண்டனர். அவ்வம்பைச் சுமந்தவாறே பாலைவனமும் மலைகளும் கடந்து, கூடு கட்டும் நிலத்துக்கு மீண்டிருந்தது அப்பறவை. ஆபிரிக்க அம்புக்குத் தப்பிய உயிர், இங்குத் துப்பாக்கிக்குத் தப்பவில்லை.

பின்னர், 1901இல் ரொசிற்றனில் நிறுவப்பட்ட பறவை ஆய்வு நிலையத்தார், நாரைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டனர். அவற்றுட் சில தென்னாபிரிக்காவிற் கண்டெடுக்கப்பட்டன. வழிகளும் தெளிவாயின. நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்தே நாரை நெடுந்தூரம் செல்லும். கடல்மேல் அக்காற்று போதிய அளவு எழுவதில்லை. ஆகவே அது மத்தியதரைக் கடலை நேரே கடவாது, மேற்கே ஜிப்ரால்ற்றர் வழியாகவோ கிழக்கே பொஸ்பரஸ் வழியாகவோ சுற்றிச் செல்கின்றது.

அம்பு தைத்தவாறே பதனிடப்பட்ட அந்நாரை, இன்றும் ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் நிற்கின்றது.