குடல் வெளியே தெரிந்தால், சவ்வு இருக்கிறதா?

கருவின் வயிற்றுச் சுவர் மூடாத குறையை 12 வாரத்துக்குப் பிறகே ஸ்கேனில் உறுதிசெய்ய முடியும். அதற்கு முன் குடல் தொப்புள்கொடிக்குள் இருப்பது இயல்பு. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

‘கேஸ்ட்ரோஸ்கைசிஸ்’ வகையில் தொப்புளுக்கு அருகிலுள்ள துளை வழியே குடல் சவ்வில்லாமல் வெளிவரும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நன்றாக இருப்பதால், வசதியுள்ள மருத்துவமனைகளில் 100க்கு 90க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன. பால் செரிக்கப் பல வாரங்கள் ஆகலாம்; அதுவரை நரம்பு வழியாக ஊட்டம் தரப்படும்.

‘ஓம்ஃபலோசீல்’ வகையில் உறுப்புகள் சவ்வுக்குள் இருக்கும். பாதுகாப்பாகத் தோன்றினாலும், இதயக் கோளாறோ குரோமோசோம் கோளாறோ சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தை பிழைப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. எனவே இதய ஸ்கேனையும் குரோமோசோம் சோதனையையும் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பிரசவம் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் நடப்பதே நல்லது. தூரத் தோட்டங்களில் இருப்பவர்கள் வலி எடுக்கும்வரை காத்திராமல், முன்கூட்டியே அங்கே பதிந்துகொள்ள வேண்டும்.