ஒன்பதாம் பிரிவின் பெண்கள்

இளநிலைச் சட்டப் படிப்பு இரண்டு வகை. பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு, பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு ஐந்தாண்டு. எதில் சேர்ந்தாலும் இந்திய பார் கவுன்சில் கட்டாயமாக்கியிருக்கும் தாள்களை எழுதாமல் வெளியே வர முடியாது. ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசமைப்பு, சொத்து, சாட்சியம், உரிமையியல் நடைமுறை என்று நீளும் அந்த வரிசையில் குடும்பச் சட்டத்துக்கு இரண்டு தாள்கள். பெண்களும் சட்டமும் என்று தனியே படிக்க விரும்பினால் பெரும்பாலும் விருப்பப் பாடத்துக்குத்தான் போக வேண்டும். கட்டாயப் பாடங்களில் பெண் அதிகமாகத் தென்படுவது குடும்பச் சட்டத்தில்: மனைவியாக, விதவையாக, மகளாக, ஜீவனாம்சம் கேட்பவளாக.

நான் தமிழ் படித்தவள். சட்டம் படிக்கும் மாணவியரின் குறிப்பேடுகளை வாங்கிப் புரட்டுவது சொற்களுக்காக. அப்படிக் கண்ணில் பட்டதுதான் 'தாம்பத்திய உரிமை மீட்பு'. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 9. கணவனோ மனைவியோ தகுந்த காரணம் இல்லாமல் பிரிந்துபோனால், மற்றவர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்து வாழும்படி உத்தரவு வாங்கலாம். ஊரில் இதற்குப் பெயர் 'சேர்த்துவைக்கச் சொல்லிக் கேஸ்'. தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. பிரிவைச் சொல்லி, மூன்று வழக்குகளின் பெயரை எழுதி, இப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது என முடித்தால் மதிப்பெண் வந்துவிடும்.

மீட்பு என்றதும் எனக்குக் கரந்தைத் திணைதான் நினைவுக்கு வந்தது. பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்டு வருவது கரந்தை. அடகு வைத்த நகையையும் மீட்கிறோம். மீட்கப்படுவது எப்போதும் ஓர் உடைமை. அது தானாக நடந்து போனதா, போக விரும்பியதா என்று யாரும் கேட்பதில்லை. பிரிவு 9இன் வாசகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானதுதான். ஆனால் அது வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பரிகாரம் பிறந்த இடம் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள். காலனிய நீதிமன்றங்கள் வழியாக அது இங்கே வந்து இறங்கியது. 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில், இப்படி ஒரு வழக்கை இந்தியாவிலும் தொடுக்கலாம் என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. மனைவியின் பெயர் ஷம்சுன்னிஸா பேகம். கணவன் எடுத்துக்கொண்ட தன் கடன்பத்திரங்களையும் சொத்தையும் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனவர் அவர். அவரும் ஒரு மீட்புக்குத்தான் போனார். பாடநூல்களில் நிலைத்தது கணவன் கேட்ட மீட்பு.

அடுத்து வருபவர் ருக்மாபாய். பம்பாயில் தச்சர் சமூகத்தில் 1864இல் பிறந்தவர். பதினோரு வயதில் தாதாஜி பிகாஜி என்ற இளைஞருக்கு மணம் முடித்துவைக்கப்பட்டவர். ஒருநாள்கூடக் கணவனோடு வாழப் போகாமல், மருத்துவரான மாற்றுத் தந்தையின் வீட்டில் இருந்துகொண்டே படித்தார். பெற்ற தந்தை விட்டுச்சென்ற சொத்து அவர் பெயரில் இருந்தது. (இந்த வழக்குகளில் மனைவி பெயரில் சொத்து இருப்பது தற்செயலா என்று நான் யோசிப்பதுண்டு.) 1884இல் தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே அதைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று தமிழ் ஆசிரியைக்கு மிகவும் பிடித்தமானது: இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே இல்லை, தொடங்காத ஒன்றை மீட்பது எப்படி? இந்து சட்டத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்றும் அவர் சொன்னார். விருப்பமில்லாத பெண்ணை ஓர் ஆணிடம் போய் இரு என்று கட்டாயப்படுத்துவது காட்டுமிராண்டித்தனம் என்ற பொருளிலும் பேசினார்.

மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. 1887 மார்ச்சில், கணவனிடம் போ அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்றது நீதிமன்றம். சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். திலகரின் பத்திரிகைகள் அவருக்கு எதிராக நின்றன. இங்கே ஒரு தேதியைக் கவனிக்கச் சொல்வேன். சேர்ந்து வாழ மறுப்பவரைச் சிறையில் அடைப்பதை இங்கிலாந்து தன் நாட்டில் கைவிட்டது 1884இல், தாதாஜி வழக்குப் போட்ட அதே ஆண்டில். அங்கே கைவிடப்பட்ட சிறை, மூன்று ஆண்டு கழித்து இங்கே ஒரு பெண்ணின் முன்னால் நீட்டப்பட்டது. இந்தியாவில் அது நீங்க 1923 ஆயிற்று.

கடைசியில் 1888இல் 2000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்தார். திரும்பிவந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் மருத்துவராக இருந்தார். இந்து திருமணச் சட்டம் 1955 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார், வயது தொண்ணூறு. தான் சிறைக்குப் போகவும் துணிந்து மறுத்த அதே பரிகாரத்தைச் சுதந்திர இந்தியா பிரிவு 9 என்று எண் போட்டு எழுதிவைத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஏற்கெனவே இருந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் உண்டு. இங்கிலாந்து 1970இல் சட்டமியற்றி அதை ஒழித்தது.

தேர்வில் எழுதப்படும் மூன்று வழக்குகளில் முதலாவது 'டி. சரிதா எதிர் வெங்கட சுப்பையா', 1983. இந்தச் சரிதா 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் நடித்த நம் சரிதாதான் என்று சொன்னபோது மாணவிகள் நம்பவில்லை. 1975இல் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது திருப்பதியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட திருமணம், உடனே பிரிவு. ஆண்டுகள் கழித்து, அவர் புகழ்பெற்ற நடிகையான பிறகு, கடப்பா நீதிமன்றத்தில் கணவரின் மனு. சென்னையில் வாழும் என்னைக் கடப்பாவில் விசாரிக்க அதிகாரம் உண்டா என்று சரிதா எழுப்பிய கேள்விதான் வழக்கை ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நீதிபதி பி. ஏ. சௌத்ரி பிரிவு 9ஐயே செல்லாது என்றார். யாரோடு எப்போது உடலைப் பகிர்வது, தாயாவதா வேண்டாமா என்ற முடிவைப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்கி அரசு வைத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். உத்தரவு இருவருக்கும் பொதுவாக இருந்தாலும் கருவுறுவது பெண் மட்டுமே என்பதையும் அவர் எழுதினார். சட்டப் படிப்பில் ஒரேயொரு தீர்ப்பை முழுதாக வாசிக்க நேரமிருக்கிறது என்று எவளாவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

சில மாதங்களில் டெல்லி உயர் நீதிமன்றம் நேர் எதிராகப் பேசியது. வீட்டுக்குள் அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவது போல என்றது. உடைந்துவிடும் என்று அஞ்சப்பட்ட பீங்கான் எது என்று வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, உச்ச நீதிமன்றத்தின் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சரோஜ் ராணி வழக்கு. பிரிவு 9 செல்லும், அதற்குச் சமூகப் பயன் உண்டு, மணவாழ்வு உடையாமல் காக்கிறது, மீறினால் சொத்தைத்தான் ஜப்தி செய்ய முடியும் என்றெல்லாம் எழுதும் மாணவியிடம், வழக்குப் போட்டது யார் என்று கேளுங்கள். மனைவிதான். 1977இல் கணவன் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதாகச் சொல்லி, சேர்த்துவைக்கும்படி கேட்டவர் சரோஜ் ராணி. கணவர் மறுக்கவில்லை. 1978இல் ஒப்புக்கொண்டே உத்தரவு பெறவிட்டார். உத்தரவுக்குப் பிறகு ஓராண்டு சேர்ந்து வாழாவிட்டால் விவாகரத்துக் கேட்கலாம் என்று சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. ஓராண்டு கழிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு கணவர் விவாகரத்துக் கேட்டார், பெற்றார். திரும்பிப் போக வழி கேட்டவருக்குக் கிடைத்தது மாதம் 200 ரூபாயும் மகளுக்கு 300 ரூபாயும். மணவாழ்வைக் காக்கும் பிரிவு என்ற வரியை இந்தக் கதையோடு சேர்த்து யாரும் எழுதவைப்பதில்லை.

அப்படியும் பெண்கள் இந்த மனுவைப் போடுகிறார்கள். 'வாழாவெட்டி' என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால் கிடையாது. குழந்தையோடு பிறந்த வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெண்ணுக்கு, நான் வாழத்தான் கேட்டேன் என்று ஊர் வாய்க்கு முன் காட்ட ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்கள் போடுவது வேறு கணக்கு. மனைவி ஜீவனாம்சம் கேட்டதும், வா, சேர்ந்து வாழலாம் என்று நோட்டீஸ் வரும். அவள் வராவிட்டால், காரணமின்றிப் பிரிந்திருக்கிறாள், பணம் தர வேண்டியதில்லை என்று வாதாடலாம். சேர்ந்து வாழும் உத்தரவுக்கு மனைவி கீழ்ப்படியவில்லை என்பதாலேயே ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது, அவள் மறுத்த காரணத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜனவரியில்தான்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 1983இல் சௌத்ரி தனியாளாகச் சொன்னதன் பக்கம் அது வந்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. மனுதாரர்கள் காந்திநகரிலுள்ள குஜராத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 9, சிறப்புத் திருமணச் சட்டத்தின் பிரிவு 22, உத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யச் சொல்லும் உரிமையியல் நடைமுறை விதிகள், எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். எழுத்தில் பொதுவாக இருந்தாலும் சுமை பெண்ணின் தலையில்தான் விழுகிறது என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று.