தனிப்பரிசு இல்லாத போட்டி

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவில் வருபவர் நாடியா கொமனேச்சி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பத்துக்குப் பத்து வாங்கிய 14 வயது ருமேனியச் சிறுமி. அந்தப் புகழ் முழுவதும் தனியொருத்தியின் புகழ். ஆனால் யாருமே தனியாக ஜெயிக்க முடியாத ஜிம்னாஸ்டிக்ஸ் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் எஸ்தெடிக் குரூப் ஜிம்னாஸ்டிக்ஸ். தமிழில் அழகியல் குழு ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சொல்லலாம். இதன் முதல் உலகப் போட்டி 2000 ஆம் ஆண்டு பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடந்தது.

13 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட விரிப்பு. அதில் ஆறு முதல் பத்துப் பெண்கள். இசைக்கு ஏற்ப ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆடுகிறார்கள். இதை ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸோடு பலர் குழப்பிக்கொள்வதுண்டு. அதில் பந்து, வளையம், ரிப்பன் எல்லாம் உண்டு. இதில் கையில் ஒன்றும் கிடையாது, உடம்பு மட்டும்தான். அசைவு இடுப்பிலிருந்து புறப்பட்டு அலைபோல் விரல் நுனிவரை போக வேண்டும். ஓர் அசைவு முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்க வேண்டும். மதிப்பெண் குழுவுக்குத்தான். தனிநபர் பிரிவு என்று ஒன்று இல்லவே இல்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடினால் 19 ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1813 இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் உடற்பயிற்சிக்கென ஒரு கல்வி நிலையம் தொடங்கினார். ஆசிரியர் உத்தரவிட, எல்லோரும் வரிசையில் நின்று ஒரே மாதிரி கைகால் அசைக்கும் முறை அவருடையது. பிறகு ஆங்கிலேயர் பள்ளிகளிலும் அது இடம்பிடித்தது. நாம் பள்ளியில் செய்த 'டிரில்' அதன் தூரத்து உறவு.

பக்கத்து நாடான பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே 1876 இல் ஹெல்சிங்கியில் பெண்களுக்கென்று ஓர் உடற்பயிற்சிச் சங்கம் உருவானது. 1896 இல் எலின் கல்லியோ என்ற ஆசிரியை முன்னின்று, பெண்கள் சங்கங்களை ஒரே அமைப்பாக இணைத்தார். அதே 1896 இல்தான் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அதில் ஒரு பெண்ணுக்குக்கூட இடமில்லை. பத்து வருடம் கழித்து, 1906 இல், ஐரோப்பாவிலேயே முதலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த நாடு பின்லாந்து. மறுவருடத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். பெண்கள் தாங்களே கூடி, தாங்களே நடத்திய சங்கங்கள் அந்த மண்ணில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தவர் எல்லி பியோர்க்ஸ்டென் (1870–1947). ஆண்களுக்கென வகுத்த விறைப்பான பயிற்சியைப் பெண்களும் அப்படியே செய்வதை அவர் ஏற்கவில்லை. தாளமும் தளர்வும் வேண்டும், மனமும் உடம்பும் சேர்ந்து இயங்க வேண்டும் என்று கற்பித்தார். இன்றைய ஆட்டத்தின் அலை அசைவுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

முக்கியமான விஷயம், இந்த இயக்கத்தின் முன்னோடிகள் போட்டியை விரும்பவில்லை. யார் சிறந்தவர் என்பது அவர்கள் கேள்வியே அல்ல. வேலைக்குப் போகிறவள், குடும்பத்தைப் பார்க்கிறவள், படிக்கிறவள் எல்லோரும் ஒன்றாக நின்று உடம்பைப் பேண வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் காலம் போட்டியின் பக்கம் போனது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெண்கள் குழுவாகக் கைக்கருவியோடு ஆடும் ஒரு பிரிவு இருந்தது. ஸ்வீடன், சோவியத் யூனியன், ஹங்கேரி முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. 1956 இல் மெல்போர்னில் ஹங்கேரி வென்றது. அத்தோடு அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 1963 இல் புடாபெஸ்டில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸின் முதல் உலகப் போட்டி நடந்து, அது தனி வழியில் வளர்ந்து 1984 இல் ஒலிம்பிக்குக்குள் போனது. பின்லாந்துப் பெண்களின் வெறுங்கைக் குழு ஆட்டம் 2000 வரை காத்திருந்தது. 2003 இல் அதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனம் வந்தது. ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை.

இன்று பின்லாந்தோடு எஸ்தோனியா, பல்கேரியா, ஸ்பெயின், ஜப்பான் போன்ற நாடுகளும் இதில் ஆடுகின்றன. நடுவர்கள் தொழில்நுட்பம், கலை, செயல்திறன் என்று மூன்றாகப் பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிட்டால் கால் இன்னும் உயர வேண்டும், முதுகு இன்னும் வளைய வேண்டும். எல்லோருக்குமாகத் தொடங்கிய ஒன்று, சிறு வயதிலிருந்தே பழகிய சிலருக்கானதாகச் சுருங்கும் ஆபத்து அதில் இருக்கிறது. போட்டி வேண்டாம் என்ற அந்தக்காலத்து ஆசிரியைகள் பயந்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இருந்தும் அவர்கள் வைத்த ஒரு கல் இன்னும் பெயரவில்லை. பத்துப் பேரில் மிகத் திறமையான ஒருத்திக்குத் தனிப் பதக்கம் கிடையாது. பக்கத்தில் இருப்பவள் தடுமாறினால் அவளுக்கும் நஷ்டம். இணையத்தில் இந்த ஆட்டங்கள் நிறையக் கிடைக்கின்றன. பார்க்கும்போது உயர்ந்த காலை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பேரும் எந்தக் கணத்தில் மூச்சு இழுக்கிறார்கள் என்று கவனியுங்கள்.